மூடிக்குக் கீழே யாருக்குத் தெரியும்?

ஏகப்பட்ட பாகங்களை மாற்றிய பிறகும் ஒரு கார் அதே கார்தானா? இரண்டாயிரம் ஆண்டுகளாகத் தத்துவவாதிகள் முட்டி மோதும் இந்தக் கேள்விக்கு பிரிட்டனின் வாகனப் பதிவுத் துறை மதிப்பெண் போட்டு விடை சொன்னது. பெருமளவு மாற்றியமைத்த வண்டி தன் பழைய பதிவெண்ணைத் தக்கவைத்துக்கொள்ள 8 மதிப்பெண் வாங்கியாக வேண்டும் என்ற விதி அங்கே பல ஆண்டுகள் நடைமுறையில் இருந்தது. சேஸி மாறாமல் இருந்தால் 5. சஸ்பென்ஷன், ஆக்ஸில், கியர்பாக்ஸ், ஸ்டியரிங் ஒவ்வொன்றுக்கும் 2. எஞ்சினுக்கு வெறும் 1.

எஞ்சின்தான் காரின் உயிர் என்று நம்புகிறவர்களுக்கு அந்த ஒற்றை மதிப்பெண் அவமானமாக இருக்கும். ஆனால் பட்டியலில் இடமே கிடைக்காதவை இருக்கின்றன. டிஸ்ட்ரிபியூட்டர், காயில், டைனமோ, வயரிங், விளக்குகள்: எதற்கும் மதிப்பெண் கிடையாது. இவை அத்தனையையும் கழற்றி எறிந்துவிட்டுப் புதிதாகப் போட்டாலும் அரசின் கண்ணில் காருக்கு ஒன்றும் ஆகவில்லை. பழைய பிரிட்டிஷ் கார் வைத்திருப்பவர்களிடம் போய் இதைச் சொல்லிப் பாருங்கள். அவர்களுக்குள் சூடாக நடக்கும் சண்டைகளில் பாதி இந்தப் பூஜ்ய மதிப்பெண் பாகங்களைப் பற்றியதுதான். ஒரு தரப்புக்கு எலக்ட்ரானிக் இக்னிஷன் புத்திசாலித்தனம். மறுதரப்புக்கு அது துரோகம். துரோகம் என்பது இயந்திரத்தைப் பற்றிப் பேசும் சொல் அல்ல. விவாதம் எப்போதோ அறத்துக்குள் நுழைந்துவிட்டது என்பதற்கு அந்தச் சொல்லே போதும்.

சண்டை எதைப் பற்றியது என்று தெரிய ஒரு மூடியைத் திறக்க வேண்டும்.

எம்ஜிபி காரை எடுத்துக்கொள்ளலாம். 1962 முதல் 1980 வரை, ஆக்ஸ்ஃபோர்டுக்குத் தெற்கே அபிங்டனில், ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாரான ஸ்போர்ட்ஸ் கார். பானெட்டைத் தூக்கினால் எஞ்சினின் பக்கவாட்டில் கறுப்பு மூடியோடு நிற்பது லூகாஸ் கம்பெனியின் டிஸ்ட்ரிபியூட்டர். இரண்டு கிளிப்பைத் தட்டிவிட்டால் மூடி கையோடு வந்துவிடும். உள்ளே ரோட்டார், அதற்கும் கீழே காண்டாக்ட் பாயின்ட். நடுத்தண்டில் உள்ள நான்கு முனைக் கேம் சுற்றச் சுற்ற, பாயின்ட் மூடித் திறக்கும். மூடியிருக்கும்போது காயிலில் மின்சாரம் ஓடிக் காந்தப்புலம் சேர்கிறது. திறந்ததும் அந்தப் புலம் சட்டென்று சரிகிறது. சரிந்த வேகத்தில் காயிலின் இரண்டாம் சுற்றில் ஆயிரக்கணக்கான வோல்ட் எழும்பி, ரோட்டார் வழியாக அந்தந்த பிளக்குக்குப் போய்ப் பொறியாகத் தெறிக்கிறது. பாயின்ட் பொறிபட்டுக் கருகாமல் காப்பது பக்கத்தில் இருக்கும் விரல் நுனியளவு கண்டென்சர். அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் 1910 வாக்கில் நிலைநிறுத்திய ஏற்பாடு இது. ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் உலகத்தின் பெட்ரோல் கார்களை இதுதான் ஓட வைத்தது.

பாயின்ட் முழுதாகத் திறந்திருக்கும்போது இடைவெளி அங்குலத்தில் ஆயிரத்தில் பதினைந்து பங்கு, அதாவது 0.38 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். ஒன்றிரண்டு பங்கு கூடக்குறைய இருந்தால் மன்னிக்கலாம். ஆனால் கேமில் உரசும் பகுதி ஓட ஓடத் தேய்கிறது, இடைவெளி குறைகிறது, டைமிங் பின்தங்குகிறது, வண்டி இழுக்க மறுக்கிறது. சில ஆயிரம் மைலுக்கு ஒருமுறை மூடியைக் கழற்றி ஃபீலர் கேஜ் வைத்துச் சரிபார்த்தே தீர வேண்டும்.

அந்தக் காரியத்தை ஒழிக்கத்தான் எலக்ட்ரானிக் மாட்யூல் வந்தது. பாயின்ட்டையும் கண்டென்சரையும் எடுத்துவிட்டு, கேமின் மேல் காந்தங்கள் பதித்த வளையம் ஒன்றை மாட்டுகிறார்கள். எதிரே ஒரு சென்சார். காந்தம் கடக்கும்போது சென்சாரில் தோன்றும் மின்னழுத்தம் காயிலை அணைத்து எரியவிடுகிறது. எட்வின் ஹால் 1879இல் கண்டறிந்த விளைவு இது. எதுவும் எதோடும் உரசுவதில்லை, தேய்வதில்லை. அரை மணி நேர வேலை. மூடியைத் திரும்பப் போட்டுவிட்டால் காயிலுக்குப் போகும் இரண்டு மெல்லிய வயர்களைத் தவிர வெளியே எதுவும் தெரியாது.

தெரியாது என்பதுதான் விஷயமே. ஆனால் அதற்கு வருமுன் பழைய கேள்வியை ஒரு சுற்றுப் பார்த்துவிட வேண்டும்.

வண்டியையும் அதன் பாகங்களையும் வைத்து நடந்த விவாதங்களில் நம் பக்கத்துப் பழைய விவாதம் மிலிந்தனுக்கும் பௌத்தத் துறவி நாகசேனருக்கும் நடந்தது. கி.மு. 2ஆம் நூற்றாண்டில் வடமேற்கில் ஆண்ட கிரேக்க அரசன் மெனாண்டர்தான் பாலி நூலின் மிலிந்தன். சக்கரம் தேரா, அச்சு தேரா, நுகம் தேரா என்று துறவி கேட்டுக்கொண்டே போக, அரசன் இல்லை இல்லை என்று சொல்லிக்கொண்டே வந்து, கடைசியில் தேர் என்பது பாகங்களின் கூட்டுக்கு நாம் வைத்த பெயர் மட்டுமே என்ற இடத்தில் வந்து நிற்கிறான். தேர் உவமையை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். இக்னிஷன் விவாதத்துக்குப் பொருந்துவது அதே நூலில் வரும் விளக்கு உவமை. முதல் யாமத்தில் எரிந்த சுடரும் கடை யாமத்தில் எரியும் சுடரும் ஒன்றா? ஒன்று என்றும் சொல்ல முடியாது, வேறு என்றும் சொல்ல முடியாது என்பது அங்கே கிடைக்கும் விடை.

எம்ஜிபி நிமிடத்துக்கு 3,000 சுற்றில் ஓடும்போது நான்கு சிலிண்டருக்கும் சேர்த்து நொடிக்கு 100 பொறிகள். ஒவ்வொன்றும் தனித் தீ. ஒன்று அணைந்த பிறகே அடுத்தது பிறக்கிறது. கணந்தோறும் பிறந்து அழியும் தொடர்ச்சிதான் உலகம் என்ற பௌத்தக் கட்சிக்கு இதைவிட வசதியான சாட்சி கிடைக்காது. ஓடும் கார் என்பது நிலையான பொருள் அல்ல, தீக்களின் வரிசை. அந்த வரிசையைத் தொடங்கி வைப்பது உலோகப் பாயின்ட்டாக இருந்தால் என்ன, காந்தமாக இருந்தால் என்ன?

நியாய தரிசனத்தைச் சேர்ந்த நையாயிகர்கள் இதை ஒப்பமாட்டார்கள். எல்லாம் கணத்தில் அழிகிறது என்றால், நேற்றுக் கண்டதை இன்று ‘அதுதான் இது’ என்று அடையாளம் காண்பவர் யார் என்பது அவர்கள் பௌத்தரிடம் விடாமல் கேட்ட கேள்வி. தமிழிலும் இந்த வழக்கு நடந்திருக்கிறது; 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாச்சாரியார் எழுதிய சிவஞான சித்தியார் பரபக்கத்தில் சௌத்திராந்திக பௌத்தரை மறுப்பதற்கென்றே ஒரு பகுதி ஒதுக்கப்பட்டிருக்கிறது. அடையாளம் என்பது பொருளில் இல்லாமல், அதைத் தொடர்ந்து நினைவில் வைத்திருப்பதோடு சேர்ந்தது என்ற எண்ணம் அந்த வாதங்களில் ஓடுகிறது.

லண்டன் நீதிமன்றம் ஒன்றும் ஏறக்குறைய அந்தப் பக்கம்தான் சாய்ந்தது. ‘பழைய நம்பர் ஒன்’ என்று அழைக்கப்பட்ட பென்ட்லி ஸ்பீட் சிக்ஸ், லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை 1929, 1930 ஆகிய இரண்டு ஆண்டுகளும் வென்ற வண்டி. பின்னர் அதற்கு வேறு எஞ்சின் வந்தது, சேஸி மாறியது, 1932இல் புரூக்லேண்ட்ஸ் பந்தயத்தில் ஓட்டுநரைப் பலிகொண்ட விபத்து நடந்தது, அதன்பின் உடலும் புதிதாகக் கட்டப்பட்டது. 1990இல் ஒரு கோடி பவுண்டுக்கு வாங்க ஒப்புக்கொண்ட நிறுவனம், இது அந்தக் காரே அல்ல என்று பின்வாங்கியது. வழக்கை விசாரித்த நீதிபதி ஓட்டன், 1929இல் வென்ற வண்டியின் பாகம் எதுவும் அதில் மிஞ்சவில்லை என்பதை ஏற்றார். 1930இன் எச்சமாக கியர்பாக்ஸ் உறை, ஸ்டியரிங் தண்டு போன்ற ஒருசிலவே இருந்தன. ஆனால் ஒவ்வொரு மாற்றமும் ஓடிக்கொண்டிருந்த ஒரே வண்டிக்கு, ஒன்றன்பின் ஒன்றாக, பதிவோடு நடந்தது. அந்தப் பெயருக்கு உரிமை கொண்டாட உலகில் வேறு கார் கிடையாது. ஆகவே இதுதான் பழைய நம்பர் ஒன், பணத்தைக் கட்டு என்பது தீர்ப்பு.

அழகான தீர்ப்பு. ஆனால் நீதிமன்றமும் நாகசேனரும் பதிவுத் துறையும் கேட்பது ஒரே கேள்வி: இது அதுதானா? கராஜில் ஸ்குரூடிரைவரோடு குனிந்து நிற்பவருக்கு அந்தச் சந்தேகம் வருவதே இல்லை. மாட்யூல் போட்ட எம்ஜிபி எம்ஜிபிதான். அதை மறுக்கும் பைத்தியக்காரர் யாரும் இல்லை. அவரை உறுத்துவது வேறு. இந்தப் பொருளுக்கு நான் எதைக் கடன்பட்டிருக்கிறேன், அந்தக் கடனிலிருந்து எதைக் கழித்துக்கொள்ளலாம்? தேரை விட்டுவிட்டுத் தேரோட்டியின் பக்கம் திரும்ப வேண்டிய இடம் இது.

பழைய கார் உலகத்தில் இந்த உறுத்தல் எப்படி வேலை செய்கிறது என்று கவனித்தால் ஒரு விசித்திரம் புலப்படும். பார்வைக்குத் தெரியும் மாற்றம் பாவம். தெரியாத மாற்றம் பாவம் இல்லை. டைனமோவின் கதையைப் பாருங்கள். லூகாஸ் சி40 டைனமோ முழு வேகத்தில் தருவதே 22 ஆம்பியர். சிக்னலில் நிற்கும்போது ஏறக்குறைய ஒன்றும் தராது. டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு மினுக்கும். மழை இரவில் ஹெட்லைட், வைப்பர், ஹீட்டர் மூன்றையும் சேர்த்துப் போட்டால் பேட்டரிதான் பலி. ஆல்டர்னேட்டர் போட்டால் தீர்ந்தது. ஆனால் ஆல்டர்னேட்டரின் உருவம் வேறு. பானெட்டைத் திறந்ததும் காட்டிக்கொடுத்துவிடும். அதற்கும் வழி கண்டுபிடித்தார்கள். டைனமோவின் உருளை உறைக்குள்ளேயே ஆல்டர்னேட்டரை அடக்கிச் செய்து விற்கிறார்கள். பழைய ரெகுலேட்டர் பெட்டியின் மூடிக்குள் எலக்ட்ரானிக் சர்க்யூட். கறுப்பு ரப்பர் பெட்டி போலத் தோன்றும் உறைக்குள் இன்றைய பேட்டரி. போருக்கு முந்தைய கார்களுக்கு, பிவிசி வயரின் மேல் பருத்தி நூல் பின்னிய வயரிங்.

இப்படி வேடம் போடுவதைப் பற்றி விக்டோரியா காலத்து இங்கிலாந்து மிகக் கடுமையாகச் சிந்தித்திருக்கிறது. ஜான் ரஸ்கின் 1849இல் எழுதிய ‘கட்டடக் கலையின் ஏழு விளக்குகள்’ நூலில் ஒரு விளக்கின் பெயர் வாய்மை. மரத்துக்குச் சலவைக்கல் போலச் சாயம் பூசுவது, ஒரு பொருளை இன்னொன்றாக நடிக்க வைப்பது எல்லாம் அவருக்குப் பொய். பொய் சொல்லும் கட்டடம் ஒழுக்கக் கேடு. அவரைப் படித்து வளர்ந்த கவிஞர் வில்லியம் மாரிஸ், டூக்ஸ்பரி மடாலயக் கோயிலைப் ‘புதுப்பிக்க’ப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டுக் கொதித்து, 1877இல் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கினார். பழையதைப் போலப் புதியதைச் செய்து ஒட்டாதே; ஒட்டுப்போட வேண்டியிருந்தால் ஒட்டு ஒட்டாகவே தெரியட்டும் என்பது அந்தச் சங்கத்தின் போக்கு.

அதே 1877இல் வூஸ்டரில் இன்னொரு வில்லியம் மாரிஸ் பிறந்தார். உறவில்லை. கவிஞர் படித்த அதே ஆக்ஸ்ஃபோர்டில் சைக்கிள் கடை வைத்து, கார் கராஜ் வைத்து, கௌலியில் பெருந்தொழிற்சாலை கட்டி, லார்ட் நஃபீல்ட் ஆனவர் அவர். எம்ஜி என்ற இரண்டு எழுத்துகள் அவருடைய மாரிஸ் கராஜஸைத்தான் குறிக்கின்றன. முதல் மாரிஸ் இயந்திர உற்பத்தியைச் சபித்தவர். இரண்டாமவர் அதிலேயே கோடீஸ்வரர் ஆனவர். இன்று இரண்டாமவர் செய்த கார்களைப் பாதுகாப்பவர்கள் முதலாமவரின் மனச்சாட்சியோடு அலைகிறார்கள்.

ரஸ்கினை எம்ஜிபியின் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினால், திறந்த மேனியாக நிற்கும் ஆல்டர்னேட்டரை அவர் பொறுத்துக்கொள்வார். டைனமோ வேடமிட்ட ஆல்டர்னேட்டரைத்தான் ஏசுவார். பழைய கார் கிளப்புகளின் நடுவர்கள் நேர்மாறாக மதிப்பெண் போடுகிறார்கள். இரண்டு பக்கமும் அரைகுறை என்றுதான் சொல்ல வேண்டும். பழைய வாகனங்களுக்கான உலகச் சம்மேளனமான ஃபீவா, 1964ஆம் ஆண்டு வெனிஸ் சாசனத்தைப் பின்பற்றித் தன்னுடைய டூரின் சாசனத்தை வகுத்தபோது, இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு பாதை போட்டது. அவசியமான மாற்றம் கண்ணை உறுத்தாமல் இருக்கட்டும், ஆனால் திரும்ப மாற்றக்கூடியதாக இருக்கட்டும், கழற்றிய அசல் பாகங்கள் வண்டியோடு இருக்கட்டும், செய்தது பதிவில் இருக்கட்டும். மறைப்பது குற்றமில்லை, மறைத்ததை மறைப்பதுதான் குற்றம் என்று இதைப் புரிந்துகொள்ளலாம்.

ஆனால் சாசனமும் தொடாத ஒரு பக்கம் இருக்கிறது. இத்தனை உறுத்தலும் காருக்கும் உரிமையாளருக்கும் நடுவிலேயே சுற்றுகிறது. சாலையில் வேறு மனிதர்களும் போகிறார்கள்.

மாரிஸ் மைனர் 1948இல் வந்தபோது திரும்புவதைக் காட்ட அதன் கதவுத் தூணிலிருந்து ஒரு சின்னக் கை வெளியே நீளும். ட்ராஃபிகேட்டர் என்று பெயர். உள்ளே எரியும் ஒரு சிறு பல்பு. 1961 வரை மைனரில் இதுதான். பார்க்க அவ்வளவு அழகு, குழந்தைகள் கைதட்டும். இன்றைய நெடுஞ்சாலையில் பின்னால் லாரி ஓட்டி வருபவருக்கு அந்தக் கை என்ன சொல்கிறது என்றே தெரியாது. தொடக்க கால எம்ஜிபியில் மொத்தமே இரண்டு ஃபியூஸ். ஹெட்லைட்டுக்கு ஃபியூஸே கிடையாது; அதன் முழு மின்சாரமும் சுவிட்ச் வழியாகவே ஓடும். அறுபது வயதான வயரின் உறை எங்காவது உரசித் தேய்ந்து பாடியைத் தொட்டால், புகை வந்த பிறகுதான் தகவல் தெரியும். பின்பக்கப் பிரேக் விளக்கோ, கண்ணாடி மங்கி, பிரதிபலிப்பான் கறுத்து, வெயிலில் எரிகிறதா இல்லையா என்று சொல்ல முடியாத நிலையில் இருக்கும்.

இவற்றை மாற்றாமல் விடுவதற்குப் பக்தி என்று பெயர் வைக்க முடியுமா? பாயின்ட் பழுதானால் அவதிப்படுபவர் உரிமையாளர் ஒருவர்தான். சாலையோரம் நிற்பார், நனைவார், வீட்டுக்குத் தாமதமாகப் போவார். பிரேக் விளக்கு தெரியாமல் போனால் அவதிப்படுபவர் பின்னால் மோட்டார் சைக்கிளில் வரும் முன்பின் தெரியாத ஆள். அறம் என்று ஒன்று இந்த விவாதத்தில் இருக்குமானால், விளக்கும் ஃபியூஸும் முதலில் வர வேண்டும், இக்னிஷன் கடைசியில். நடப்பதோ தலைகீழ். தன் வசதிக்காக மூடிக்குக் கீழே மாட்யூலைப் போட்டுக்கொள்ளும் அதே கை, வெளியே தெரிந்துவிடும் என்று திருப்பக் குறி விளக்கைப் பொருத்தத் தயங்குகிறது. மனச்சாட்சி கடமையின் பின்னால் போகாமல் கண்ணின் பின்னால் போகிறது. புறத்தூய்மையை மட்டும் பார்த்துக்கொள்ளும் ஆசாரத்தை எல்லா மதங்களின் சீர்திருத்தக்காரர்களும் இதற்காகத்தான் திட்டினார்கள்.

ஹெட்லைட்டுக்கு ரிலேயும் ஃபியூஸும் வைப்பது ஒரு மதிய வேலை. சுவிட்ச் காப்பாற்றப்படும், சுவிட்சிலும் பழைய வயரிலும் வீணாகும் வோல்ட்டேஜ் பல்புக்கே போய்ச் சேர்வதால் வெளிச்சமும் கூடும். பின்பக்கம் எல்இடி பல்பு போடலாம். அது குறைந்த மின்சாரம் குடிப்பதால் பழைய வெப்பவகை ஃப்ளாஷர் கண்சிமிட்ட மறுக்கும், எலக்ட்ரானிக் ஃப்ளாஷர் ஒன்றும் சேர்த்து வாங்க வேண்டும். செலவு பெரிதில்லை. எர்த் இணைப்புகளைத் துருப்போகச் சுரண்டி இறுக்குவதற்குச் செலவே இல்லை. பர்மிங்ஹாமில் மண்ணெண்ணெய் வியாபாரத்தில் தொடங்கி, ‘சாலையின் அரசன்’ என்ற பெயரில் சைக்கிள் விளக்கு விற்று முன்னேறிய ஜோசப் லூகாஸின் கம்பெனிக்கு, அமெரிக்க ரசிகர்கள் ‘இருளின் இளவரசன்’ என்று பட்டம் கட்டினார்கள். ஆங்கிலேயர் ஏன் வெதுவெதுப்பான பீர் குடிக்கிறார்கள்? அவர்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் லூகாஸ் தயாரிப்பு. சிரிப்பு வரும்தான். ஆனால் அந்தப் பழியில் பெரும்பங்கு துருப்பிடித்த எர்த் இணைப்புகளுக்கும், பல ஆண்டுகள் எவரும் தொடாத புல்லட் கனெக்டர்களுக்கும் போக வேண்டியது.

அந்த லூகாஸுக்கும் சென்னைக்கும் நேரடி உறவு உண்டு. டிவிஎஸ் குழுமத்தோடு சேர்ந்து 1961இல் உருவான லூகாஸ் டிவிஎஸ், சென்னையின் பாடி பகுதியில் ஸ்டார்ட்டரும் டிஸ்ட்ரிபியூட்டரும் செய்தது. மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் உடலோடு 1950களின் இறுதியில் வந்து 2014 வரை தயாரான அம்பாசிடரின் மெக்கானிக்குகளுக்கு, பாயின்ட் மாற்றுவது துரோகமா இல்லையா என்ற கேள்வியே எழவில்லை. அவர்களுக்கு அது பழைய கார் அல்ல, கார். எது கைக்குக் கிடைத்ததோ அதைப் போட்டு ஓட்டினார்கள். ஒரு பொருள் பாரம்பரியமாக மாறுவதற்கு முதலில் அது பிழைப்பாக இல்லாமல் போக வேண்டும் போலிருக்கிறது.

சரி, இக்னிஷனைக் கடைசியில் தள்ளியாயிற்று. பிறருக்குத் தீங்கில்லாத விஷயம் என்பதால் எப்படியும் செய்துகொள்ளலாம் என்று முடித்துவிடலாமா? முடியாது. அங்கேதான் நிஜமான இழப்பு ஒன்று இருக்கிறது.

அமெரிக்கத் தத்துவவாதி ஆல்பர்ட் போர்க்மன் 1984இல் எழுதிய நூலில், விறகடுப்புக்கும் மைய வெப்பமூட்டும் ஏற்பாட்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் பேசுகிறார். இரண்டும் தருவது சூடுதான். ஆனால் அடுப்பு ஒரு குடும்பத்தையே வேலை வாங்கியது: ஒருவர் விறகு பிளக்க, ஒருவர் தீ மூட்ட, எல்லோரும் சுற்றி உட்கார. மைய வெப்பம் சூட்டை மட்டும் கொடுத்துவிட்டு, அது எப்படி வருகிறது என்பதைச் சுவருக்குள் ஒளித்துக்கொள்கிறது. மனிதரிடமிருந்து எதையும் கேட்பதில்லை. கேட்காததால் எதையும் கற்றுத்தருவதும் இல்லை. சாதனங்களின் இயல்பே அது என்பது போர்க்மனின் குறை.

பாயின்ட் கேட்கும். கவனத்தைக் கேட்கும். நன்றாக வேலை செய்யும் பாயின்ட்டின் முகம் சாம்பல் நிறத்தில் இருக்கும். நீலம் பாய்ந்து கருகியிருந்தால் கண்டென்சரைச் சந்தேகிக்க வேண்டும். ஒரு பக்கம் மேடும் மறுபக்கம் குழியுமாக இருந்தால் உலோகம் இடம் பெயர்ந்திருக்கிறது. இந்த முகத்தைப் படிக்கக் கற்றவருக்கு எஞ்சின் அந்நியம் இல்லை. பாயின்ட் சாவதும் சொல்லிக்கொண்டு சாகும்: முதலில் ஸ்டார்ட் ஆகத் தயங்கும், பிறகு வேகத்தில் இருமும், அதற்கும் அசையாவிட்டால்தான் நிற்கும். நின்றாலும், எமரித் துண்டால் இரண்டு தேய், அட்டைத் துண்டை வைத்து இடைவெளி பார், வீடு போய்ச் சேரலாம். மாட்யூல் அப்படியில்லை. பல ஆண்டுகள் ஒரு வார்த்தை பேசாமல் உழைக்கும். ஒருநாள் எச்சரிக்கையே இல்லாமல் நின்றுவிடும். பிசின் ஊற்றி மூடிய அந்தக் கறுப்புக் கட்டியைத் திறந்து பார்க்க எதுவும் இல்லை. இதனால்தான் மாட்யூல் போட்டவர்களில் பலர் கிளவ் பாக்ஸில் ஒரு பழைய பாயின்ட் செட்டைத் துணியில் சுற்றி வைத்திருக்கிறார்கள். மதம் மாறியவர் வீட்டில் பழைய குலதெய்வத்துக்கு ஓரமாக ஒரு விளக்கு எரிவதைப் போல.

இதோடு நிறுத்தினால் பாயின்ட் கட்சி ஜெயித்துவிடும். ஆனால் அந்தக் கட்சியின் காலடியிலும் மண் சரிகிறது. இன்று கடையில் கிடைக்கும் பாயின்ட், 1965இல் பர்மிங்ஹாமில் செய்த பாயின்ட் அல்ல. டப்பாவில் பழைய பெயர் இருக்கலாம். செய்யும் இடம் வேறு, உலோகம் வேறு. உரசும் பகுதி சீக்கிரம் தேய்கிறது, கண்டென்சர் சில நூறு மைலில் சாகிறது, சில ரோட்டார்களில் உள்ளே அடித்த ரிவெட் வழியாக உயரழுத்த மின்சாரம் தண்டுக்குத் தாவி வண்டி நிற்கிறது என்று பழைய கார்க்காரர்கள் புலம்புவது பொய்யில்லை. அசலுக்கு விசுவாசம் என்று நினைத்து வாங்குவது அசலின் உருவத்தை மட்டுமே தாங்கிய நகல். டைனமோ வேடமிட்ட ஆல்டர்னேட்டராவது உள்ளே நல்ல வேலை செய்கிறது. இங்கே வேடம் மட்டும்தான் மிச்சம். பழைய இருப்பில் கிடைக்கும் தரமான பாயின்ட்டைத் தேடிப் போட்டு, அதன் முகம் பார்த்து வாழ்பவரின் நிலைப்பாட்டில் ஒரு கண்ணியம் இருக்கிறது. மட்டமான நகலைப் போட்டுக்கொண்டு மாட்யூல்காரரைப் பழிப்பவரிடம் அது இல்லை.

இன்னும் ஒரு மாற்றம் பாக்கி. எல்லாவற்றிலும் கண்ணுக்குத் தெரியாதது அதுதான், அடிப்படையானதும் அதுதான். 1967 வரை வந்த எம்ஜிபிகளில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு எர்த் ஆகியிருந்தது. அந்நாளைய பிரிட்டிஷ் கார்களில் பெரும்பாலானவை அப்படித்தான். இன்றைய ரேடியோ, ஆல்டர்னேட்டர், பெரும்பாலான மாட்யூல்கள் எல்லாம் நெகட்டிவ் எர்த்தை எதிர்பார்ப்பவை. ஆகவே திருப்புகிறார்கள். பேட்டரியைத் திருப்பி வைத்து, காயிலின் இரண்டு வயர்களையும் இடம் மாற்றி, டைனமோவின் வயர்களைக் கழற்றிவிட்டு அதன் ஃபீல்ட் முனையில் பேட்டரி வயரைச் சில நொடி தொட வைத்தால், உள்ளே தங்கியிருக்கும் காந்தம் திசை மாறிவிடும். ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. எப்போதும் சுற்றிய பக்கமே சுற்றும். பல்புகளுக்கும் அப்படியே. அம்மீட்டர் இருந்தால் அது தலைகீழாகக் காட்டும். ஓடும் காரில் மின்சாரம் முழுக்க எதிர்த்திசையில் போகத் தொடங்கியிருக்கும். வாசனை, சத்தம், வேகம் எதிலும் கடுகளவு வேறுபாடு இருக்காது.

காரின் உள்ளோட்டமே திரும்பியும் ஒன்றும் மாறவில்லை என்றால், பௌத்தரும் நையாயிகரும் இதை வைத்து இன்னொரு நூற்றாண்டு வாதாடலாம். கராஜில் அதற்கு நேரமில்லை, அங்கே ஒரு லேபிள் ஒட்ட வேண்டியிருக்கிறது. அடுத்த உரிமையாளரோ, ராத்திரியில் உதவிக்கு வந்து ஜம்பர் கேபிள் மாட்டுபவரோ, 1965 மாடல் என்பதைப் பார்த்துப் பாசிட்டிவ் எர்த் என்று முடிவு செய்தால், ஆல்டர்னேட்டரின் டயோடுகள் ஒரு நொடியில் எரியும். பேட்டரி வெடிக்கவும் கூடும். சாசனம் பதிவு கேட்பதன் நடைமுறை அர்த்தம் இது. பானெட்டின் அடியில், பேட்டரிக்குப் பக்கத்தில், ‘நெகட்டிவ் எர்த்’ என்று பெரிய எழுத்தில், மாற்றிய தேதியோடு எழுதி ஒட்ட வேண்டும். மூடிக்குள் மாட்யூல் இருந்தால் அதன் பெயரையும், காயிலின் ஓம் அளவையும் அதிலேயே சேர்த்து எழுதலாம். கழற்றிய பாயின்ட்டும் கண்டென்சரும் எந்தப் பெட்டியில் இருக்கின்றன என்பதையும்தான்.